பெயருக்குச் சாட்சி யார்? பேராக் தோட்டப் பதிவேடு முதல் இணைய அடையாளம் வரை

‘நான் இன்னார்’ என்று ஒருவர் சொல்வதை முன்பின் அறியாத மற்றொருவர் நம்புவதற்கு இடையில் ஒரு சாட்சி தேவைப்படுகிறது. பிறந்த ஊரில் முகமே அச்சாட்சியாக அமைந்துவிடும். ஊரை விட்டு நீங்கிய மனிதருக்கோ கடிதம், முத்திரை, அட்டை, எண் என ஏதேனும் ஒன்று அவ்விடத்தை நிரப்ப வேண்டியுள்ளது. இன்று வங்கிக் கணக்கைத் திறப்பவரும், பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவரும் இணையத்தின் வாயிலில் இதே தேவையை எதிர்கொள்கின்றனர். ஒரே அடையாளத்தைக் கொண்டு பல தளங்களுக்குள் நுழையும் ‘ஒற்றை உள்நுழைவு’ முறையும், அவ்வடையாளம் எந்த ஒரு நிறுவனத்தின் பிடியிலும் அடங்காதிருக்க முயலும் ‘பரவலாக்கப்பட்ட அடையாளம்’ என்னும் கருத்தும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. இவற்றைப் புதிய தொழில்நுட்பச் செய்திகளாக மட்டும் கருதுவது நமக்குப் பொருந்தாது. பேராக் மாநிலத் தமிழர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இக்கேள்வியோடு வாழ்ந்து வந்துள்ளனர்.

கங்காணியின் உரிமச்சீட்டு

பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்தபோது, சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை தோட்டங்கள் பரவின. அவற்றுக்கான தொழிலாளர்களைத் தமிழகத்திலிருந்து வரவழைக்க 1907ஆம் ஆண்டில் குடியேற்ற நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. தோட்டத்தில் வேலை செய்த கங்காணி, ஆள் சேர்க்கும் உரிமச்சீட்டைப் பெற்றுக்கொண்டு தம் சொந்த மாவட்டத்திற்குச் செல்வார். சேர்க்கப்பட்டவர் விரும்பியே புறப்படுகிறார் என்பதற்குக் கிராம முன்சீப்பின் ஒப்புதல் வேண்டும். பின்னர் ஆவடி அல்லது நாகப்பட்டின முகாம், கப்பல், பினாங்கு, அதன்பின் தோட்டம் என்று பயணம் நீளும்.

இப்பயணத்தில் தொழிலாளியின் பெயர் மூன்று இடங்களில் எழுதப்பட்டது: கங்காணியின் சீட்டில், முகாமின் பதிவேட்டில், தோட்டத்தின் செக்ரோலில். மூன்றையும் வைத்திருந்தவர்கள் பிறரே. விடியற்காலைப் பெரட்டில் பெயர் அழைக்கப்பட்டு, கிராணியின் ஏட்டில் குறி விழுந்தால்தான் அன்றைய கூலி உறுதியாகும். தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள்களுக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசும் கிடைத்தது. ஆகவே தொழிலாளியை அறிந்து சாட்சி சொன்னவரே அவர் அங்கேயே இருப்பதால் ஆதாயம் பெறுபவராகவும் இருந்தார். தொழிலாளி வேறு தோட்டத்திற்குச் செல்ல நினைத்தால், அங்கு அவரை அறிந்தவர் எவருமில்லை. அவருடைய உழைப்பின் வரலாறு பழைய தோட்டத்தின் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததும் கங்காணி வழி ஆள் சேர்ப்பு முடிவுக்கு வந்தது. எனினும், இடைத்தரகர் ஒருவர் நமக்காகச் சாட்சி சொல்வதும், அச்சாட்சியால் அவரே பயனடைவதும் ஆகிய அமைப்பை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் அதை வேறோர் உருவில் காண்போம்.

கையில் வந்த அட்டை

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவசரகால விதிகளின்கீழ்ப் பன்னிரண்டு வயது நிறைந்த அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று ஆணையிடப்பட்டது. ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த காகித அட்டை ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. தோட்டத் தமிழருள் மிகப் பலருக்குத் தம் முகம் பதிந்த முதல் ஆவணம் இதுவேயாகும்.

இவ்வட்டையின் வரலாற்றில் இரண்டு உண்மைகள் ஒருங்கே உள்ளன. தொழிலாளியின் அடையாளம் முதன்முறையாகத் தோட்டத்தின் ஏட்டிலிருந்து பிரிந்து அவருடைய சட்டைப் பைக்கு வந்தது; இது ஒரு விடுதலை. ஆனால் அந்த அட்டை பிறந்தது கண்காணிப்பின் பொருட்டு. உணவுப் பங்கீடும் நடமாட்டமும் அதனோடு பிணைக்கப்பட்டன. ஆயுதமேந்திய கிளர்ச்சியாளர்கள் அதன் வலிமையை உணர்ந்து, மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்தும் கிழித்தும் பதிவைக் குலைக்க முனைந்தனர். அட்டை இல்லாதவர் அரசின் ஐயத்திற்கு ஆளானார். அட்டை உள்ளவரோ காட்டுக்குள் இருந்தவர்களின் ஐயத்திற்கு ஆளானார். ஒரே சான்று பல வாயில்களுக்கும் திறவுகோலானால், அதை இழப்பவர் அத்தனை வாயில்களையும் ஒருசேர இழப்பார் என்பதை அக்கால மக்கள் அன்றாட வாழ்விலேயே கண்டனர்.

நிறங்கள் வகுத்த எல்லை

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அடையாள அட்டையோ 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டத்தின் வழியாக நிலைபெற்றது. அட்டையின் நிறமே ஒருவரின் நிலையைச் சொல்லலாயிற்று. குடிமக்களுக்கு நீலமும், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பும் உரியவை.

1957இல் விடுதலை வந்தபோது, ஆகஸ்டு 31 முதல் இம்மண்ணில் பிறக்கும் குழந்தை குடியுரிமை பெறும் என்று அரசமைப்புச் சட்டம் வகுத்தது. அதற்கு முன் பிறந்தோரும் குடியேறியோரும் வசிப்புக் காலத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் நிரப்ப எழுத்தறிவும், அலுவலகம் செல்ல ஒரு நாள் கூலியை விடுக்கும் வசதியும் தேவைப்பட்ட அச்செயலைத் தோட்டத்தில் இருந்த பலர் ஒத்திப்போட்டனர். அதன் விலை சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியவராயினர். பல்லாண்டுக் காலம் பால்மரம் வெட்டிய கைகள் ஓர் அட்டையின் நிறத்தால் அயலார் கைகளாயின; பல குடும்பங்கள் தமிழகத்திற்குத் திரும்பின.

1962ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பிறப்பு வழிக் குடியுரிமைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 1982 மார்ச் முதல் திருமணப் பதிவும் கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்த தம்பதியர் பதிவு செய்யத் தவறினால், சட்டம் தந்தையை விடுத்துத் தாயின் நிலையை மட்டுமே நோக்கும். ஒரு தாளின் இன்மை பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடரலாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது, பிறப்பையும் வசிப்பையும் உறுதிசெய்யக்கூடிய ஏடுகளும் கிராணிகளும் உடன் மறைந்தனர். இச்சிக்கலைத் தீர்க்க 2011ஆம் ஆண்டில் இந்தியச் சமூகத்திற்காக ‘மைடஃப்தார்’ பதிவு இயக்கம் நடத்தப்பட வேண்டியிருந்தது என்பதே அதன் ஆழத்தைக் காட்டும்.

ஒற்றை அட்டை

2001ஆம் ஆண்டில் சில்லு பதித்த ‘மைகாட்’ அறிமுகமாயிற்று. அடையாளம், ஓட்டுநர் உரிமம் முதலிய பல பயன்களை ஒரே அட்டையில் சேர்க்கும் முயற்சி அது. அதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணை மாணவர்கள் உற்று நோக்கலாம். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் காட்டும். பேராக்கில் பிறந்தோர் பலருக்கு அது 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஓர் எண்ணைச் சொன்ன அளவிலேயே வயதும் ஊரும் பாலும் வெளிப்பட்டுவிடுகின்றன. கேட்பவருக்கு இவற்றுள் எதுவும் தேவைப்படாதபோதும் அவ்வாறே.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே உடன் வரும். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்ற இணைப்புகளோடு அது அட்டையில் பதிவாகிறது. முனியாண்டி என்னும் ஒரே பெயரை ரோமன் எழுத்தில் பதிந்த எழுத்தர்கள் வெவ்வேறு விதமாக எழுதினர். முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் வைத்திருக்கும் வெளிநாட்டு இணையப் படிவத்தில் தந்தையின் பெயர் மகளின் குடும்பப்பெயராக மாறிவிடுகிறது. மனிதருக்குப் பொருட்டாகத் தோன்றாத இவ்வேறுபாடு கணினிக்கு இரு வேறு மனிதர்கள்.

இணையத்தின் வாயிலில்

இணையத்தின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு தளமும் தனித்தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. இச்சுமையைக் குறைக்க 1999இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘பாஸ்போர்ட்’ என்னும் ஒற்றை உள்நுழைவுச் சேவையைத் தொடங்கியது. உலகோர் அடையாளம் அனைத்தும் ஒரே நிறுவனத்திடம் குவிவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. 2005இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் வடிவமைத்த ‘ஓப்பன்ஐடி’, தமக்காகச் சாட்சி சொல்லும் தளத்தைப் பயனரே தேர்ந்துகொள்ள இடமளித்தது. ஆயினும் நடைமுறையில் கூகுள், ஃபேஸ்புக் போன்ற சில பெருநிறுவனங்களே பெரும்பாலோரின் சாட்சிகளாயின. நாம் எந்த வாயிலில் எப்போது நுழைந்தோம் என்பதை அவை அறியும். அவ்வறிவு அவற்றுக்கு ஆதாயம் தரும். நம் கணக்கு முடக்கப்பட்டால் அதனோடு இணைந்த வாயில்கள் அனைத்தும் மூடும். கங்காணியிடம் கண்ட அதே அமைப்பு இது. தோட்டத் தொழிலாளிக்கு இருந்த வறுமையும் கட்டாயமும் இன்றைய பயனருக்கு இல்லை. எனினும் சாட்சியின் நலனும் சாட்சி பெறுபவரின் நலனும் முரண்படக்கூடும் என்பது இரண்டிற்கும் பொது.

இதற்கு மாற்றாக, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2019இல் சரிபார்க்கத்தக்க சான்றுகளுக்கும், 2022இல் பரவலாக்கப்பட்ட அடையாளக் குறிகளுக்கும் பொதுத் தரங்களை வெளியிட்டது. இதில் வழங்குபவர், வைத்திருப்பவர், சரிபார்ப்பவர் என மூவர் உள்ளனர். கல்லூரி ஒன்று தன் மின்கையொப்பமிட்ட சான்றை மாணவரிடம் கொடுத்துவிடும். மாணவர் அதைத் தம் கைப்பேசியில் வைத்துக்கொள்வார். வேலை கொடுப்பவர் அக்கையொப்பம் உண்மையா என்று தாமே சோதிக்கலாம். ஒவ்வொரு முறையும் கல்லூரியைக் கேட்கத் தேவையில்லை. ஆகவே மாணவர் எங்கெங்கே விண்ணப்பிக்கிறார் என்பது கல்லூரிக்குத் தெரியாது. பதினெட்டு வயது நிறைந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய இடத்தில், பிறந்த நாளைச் சொல்லாமலே அதை மெய்ப்பிக்கும் வழியும் இதில் இயலும்.

மலேசிய அரசு அண்மை ஆண்டுகளில் அறிமுகப்படுத்திய ‘மைடிஜிட்டல் ஐடி’ அரசுச் சேவைகளுக்கான ஒற்றை உள்நுழைவாகும். தேசியப் பதிவுத் துறையின் ஆவணமே அதற்கு அடிப்படை. எனவே அங்கே பெயர் இல்லாதவருக்கு இங்கேயும் வாயில் இல்லை.

எஞ்சும் பொறுப்பு

பரவலாக்கப்பட்ட அடையாளத்தைப் புகழ்வோர் அடிக்கடி மறக்கும் ஒன்று இங்கே வெளிப்படுகிறது. சான்றைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை, சான்று வழங்கப்பட்டவருக்கே பயன்படும். பிறப்பைப் பதிவு செய்யாத குழந்தைக்கு எந்த மின்கையொப்பமும் பிறப்பைத் தராது. சிவப்பு அட்டையை எவ்வளவு பாதுகாப்பான பெட்டகத்தில் வைத்தாலும் அது சிவப்பாகவே இருக்கும். வழங்குபவரின் நீதியையும் பதிவின் நிறைவையும் தொழில்நுட்பத்தால் ஈடுசெய்ய இயலாது.

ஆசிரியர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு பெற்றோர் பெயரையும் பிறந்த நாளையும் முகவரியையும் தாங்கி நிற்கிறது. தோட்டத்தின் செக்ரோல் அழிந்த இடங்களில், குடும்பம் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாக அவ்வேடு எஞ்சக்கூடும். அதைக் கரையானுக்கு விடாமல் காப்பதும், புதிய மாணவர் பெயரைப் பிறப்புச் சான்றிலுள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பதிவதும், சான்று இல்லாத பிள்ளையின் பெற்றோரைக் காலம் தாழ்த்தாமல் பதிவுத் துறைக்கு அனுப்பி வைப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். 1957இல் ஒத்திப்போடப்பட்ட ஒரு படிவம் 1969இல் ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றியது என்பதை அறிந்தோர் அவற்றைச் சிறியனவாகக் கருதமாட்டார்கள்.