ராஜகிரியின் பாறையும் காவிரிப் படுகையின் எண்ணெயும்

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தனை காலம் கோட்டை தாக்குப்பிடித்ததில் மராட்டியரின் வீரத்துக்கு எவ்வளவு பங்கோ, கோட்டை நிற்கும் ராஜகிரிக் குன்றின் பாறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறை அது. கிழக்கே போகப் போக அது என்ன ஆகிறது என்று இந்த வாரம் தேடிப் போவோம்.

செஞ்சியாறான சங்கராபரணியின் கரையோடு நடந்தால் குன்றுகள் குறைந்துகொண்டே வருகின்றன. திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. கணுவும் நார் ஓட்டமும் தொட்டுப் பார்க்கும்படி அப்படியே இருக்கின்றன. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். குன்றுகள் இங்கே முடிந்துபோகவில்லை, மண்ணுக்கடியில் இறங்கிவிட்டன. அண்டார்க்டிகாவை விட்டு இந்தியா பிரிந்த காலத்தில் நம் கடலோரம் பிளந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளங்களில் சேறும் மணலும் பல ஆயிரம் அடிக்குப் படிந்தன; காவிரிப் படுகை அப்படி உண்டானதுதான். சேற்றோடு புதைந்த உயிர்ப்பொருள் ஆழத்தின் சூட்டில் வெந்து எண்ணெயாயிற்று.

அதைத் தேடி ஓ.என்.ஜி.சி. 1964-இல் காரைக்காலில் முதல் கிணறு தோண்டியது. கைநிறையக் கிடைக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. 1980-களில் நரிமணம் வாய்த்தது. கோவில்களப்பாள், கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று கிணறுகள் பெருகின. நரிமணம் கச்சா எண்ணெய்க்காகவே நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் டன் என்றிருந்த அதன் திறன் பின்னர் 10 லட்சம் டன் ஆயிற்று.

இந்தப் படிவுகளுக்கு அடியில் கிடக்கும் பழம்பாறையை அடிப்பாறை என்பார்கள். அது தட்டுப்பட்டால் துளையிடுவதை நிறுத்திவிடுவது எண்ணெய்க்காரர்களின் வெகுநாள் வழக்கம். வியட்நாம் கடலில் உள்ள பாக் ஹோ வயல் அந்த வழக்கத்தை மாற்றியது. 1988-இல் அங்கே கருங்கல்லுக்குள்ளேயே துளையிட்டபோது எண்ணெய் பீறிட்டது. பாறை எண்ணெயை உண்டாக்குவதில்லை; பக்கத்துக் களிமண் அடுக்குகளில் பிறந்தது விரிசல்களுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. சீர்காழிப் பக்கத்து மாதானத்திலும் அடிப்பாறை விரிசல்களில் இப்படி எண்ணெய் கிடைத்தது. செஞ்சியில் வெயிலில் காயும் பாறைக்குப் பங்காளி என்றே அந்தப் பாறையைச் சொல்லலாம்.

மேலே இருப்பதோ நெல் வயல். 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் கசிந்தது. நியாயம் கேட்டுத் திரண்ட ஊரார் தடியடி பட்டார்கள், கைதானார்கள். அதே ஆண்டு நெடுவாசல் ஊரும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, மண்டலத்துக்குள் புதிய கிணறுகளுக்குத் தடை விதித்தது. அந்த ஊர்களின் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது என்பது என் திடமான எண்ணம். ஆனால் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. அவற்றின் குழாய்கள் யார் வயலுக்கடியில், எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன என்ற விவரத்தை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

(தொடரும்)