திருவல்லிக்கேணி ஆறு பேரும் ஐந்தாண்டுப் பட்டமும்

சட்டமும் படிக்க வேண்டும், மீடியாவும் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவர் சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி "கடைசியில் வக்கீலா, ரிப்போர்ட்டரா? ஏதாவது ஒன்றைச் சொல்லு" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். ஆனால் புதிய கேள்வி அல்ல. சென்னையில் 1878-ஆம் ஆண்டிலேயே ஆறு இளைஞர்கள் முன்னால் இதே கேள்வி நின்றது. அவர்கள் சொன்ன பதிலில் இருந்து தொடங்கினால்தான், இன்றைக்கு இந்த இரண்டு படிப்பும் ஒரே பட்டத்துக்குள் எப்படி வந்தன என்பது புரியும்.

ஒன்றே முக்கால் ரூபாய்ப் பத்திரிகை

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. பதில் எழுத இந்தியர்கள் கையில் சரியான பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு பேர் கூடிப் பேசி, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சடித்து, 1878 செப்டம்பர் 20 அன்று ஒரு வார இதழை வெளியிட்டார்கள். அதுதான் "தி இந்து".

அந்த ஆறு பேர் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். மற்ற நான்கு பேரும் சட்ட மாணவர்கள்! ஒரு நீதிபதி நியமனத்துக்காக, சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய பத்திரிகை அது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். சட்ட மாணவர்கள் படிப்பை முடித்து வக்கீல்களாகப் போய்விட்டார்கள். பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தியவர்கள் அந்த இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே. "வக்கீலா, பத்திரிகைக்காரரா" என்ற கேள்விக்கு நான்கு பேர் ஒரு பதிலையும், இரண்டு பேர் இன்னொரு பதிலையும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒருவராலும் முடியவில்லை.

சட்டம் தேடி வந்த பத்திரிகைகள்

தொழில்கள் பிரிந்தாலும் சட்டம் பத்திரிகையை விடவில்லை. அதே 1878-இல்தான் லிட்டன் பிரபு காலத்தில் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது பொருந்தாது. வங்காளத்தில் இரு மொழியில் வந்துகொண்டிருந்த "அம்ரித பஜார் பத்திரிகா" ஒரே இரவில் முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தப்பித்தது. சட்டத்தின் வாசகத்தைச் சரியாகப் படித்ததால் பிழைத்த பத்திரிகை என்றே இதைச் சொல்லலாம்.

1867-ஆம் ஆண்டின் பத்திரிகைகள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி, அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பெயர் யாருடையதோ, பொறுப்பும் அவருடையது. 1908-இல் "இந்தியா" பத்திரிகை மீது அரசு நடவடிக்கை எடுத்தபோது, அதை உண்மையில் நடத்திவந்த பாரதியார் அல்ல, பதிவேட்டில் பெயர் இருந்தவர்தான் சிறைக்குப் போனார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். எழுதுபவர், வெளியிடுபவர், பொறுப்பேற்பவர் என்ற மூன்றும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே ஆண்டு திலகர் மீது, "கேசரி" கட்டுரைகளுக்காக ராஜதுரோக வழக்கு நடந்தது. திலகர் சட்டப் பட்டம் பெற்றவர். தமக்காகத் தாமே 21 மணி நேரத்துக்கும் மேல் வாதாடினார். ஆனாலும் ஆறு ஆண்டுத் தண்டனை கிடைத்து மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். 1922-இல் "யங் இந்தியா" கட்டுரைகளுக்காகக் குற்றக் கூண்டில் நின்ற காந்தியும் பாரிஸ்டர்தான். அவர் வாதாடவே இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கும் ஆறு ஆண்டு! இருவருக்கும் சட்டம் தெரியும். தண்டனையில் இருந்து தப்பிக்க அது உதவவில்லை. எந்த வரிக்கு என்ன விலை என்று தெரிந்தே எழுத உதவியது.

விடுதலைக்குப் பின் மூன்று வழக்குகள்

சுதந்திரம் வந்ததும் இந்தச் சண்டை முடிந்துவிட்டதா? இல்லை. இடம் மட்டும் மாறியது.

முதலாவது 1950. பம்பாயில் இருந்து வந்த "கிராஸ் ரோட்ஸ்" என்ற வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றம் சென்றார். தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே, 1951-இல், முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து பேச்சுரிமையின் மீது "பொது ஒழுங்கு" என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தது.

இரண்டாவது 1961. பத்திரிகையின் பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வைக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. புனேயின் "சகாள்" நாளிதழ் வழக்குப் போட்டது. பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும். விலையை ஏற்றினால் வாசகர் குறைவார்கள். எப்படிப் பார்த்தாலும் கருத்து போய்ச் சேருவது குறைகிறது என்பதை உச்சநீதிமன்றம் ஏற்று, அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு பத்திரிகையின் விலைக் கணக்கும் பேச்சுரிமைதான் என்று சொன்ன தீர்ப்பு இது. வணிகவியல் மாணவர்களும் படிக்க வேண்டியது!

மூன்றாவது 1994, "நக்கீரன்" வழக்கு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். வெளியாகும் முன்பே தடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை, அவதூறு இருந்தால் பின்னர் வழக்குத் தொடுக்கலாம் என்றது உச்சநீதிமன்றம். தனிமனிதரின் அந்தரங்க உரிமையையும் அதே தீர்ப்பு விளக்கியது. இன்றும் ஊடகச் சட்ட வகுப்புகளில் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

தனித்தனி வகுப்பறைகள்

இவ்வளவு நெருக்கமான இரண்டு துறைகளும் கல்லூரியில் மட்டும் நெடுங்காலம் முகம் பார்க்கவில்லை. சென்னை சட்டக் கல்லூரி 1891-இல் வந்தது. இதழியலுக்கோ லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947-லும்தான் படிப்பு தொடங்கின. சட்டம் என்றால் ஒரு பட்டம் முடித்த பிறகு மூன்று ஆண்டு என்ற வழக்கமே நீண்ட காலம் இருந்தது.

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் 1988-இல் முதல் மாணவர்களைச் சேர்த்து ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டத்தைப் பிரபலமாக்கியது. பிளஸ் டூ முடித்தவுடன் சட்டமும் இன்னொரு துறையும் சேர்த்துப் படிக்கும் முறை பரவியது. பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. என்று சட்டத்தோடு ஜோடி சேர்ந்த பட்டங்கள் பல. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஊடகப் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் சேர்த்தே படிக்கும் வழி உண்டு.

இரண்டையும் ஒன்றாகப் படிப்பதில் என்ன லாபம்? ஓர் உதாரணம் போதும். செய்தி எழுதச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் யார், எங்கே, எப்போது என்று எல்லா விவரமும் வேண்டும் என்பார்கள். ஆனால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. ஒரு வகுப்பில் நல்ல செய்திக்கு அடையாளம் என்று சொல்வது, இன்னொரு வகுப்பில் குற்றம்! இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருப்பவர், எழுதும்போதே கையை நிறுத்துவார். ஒரு குழந்தையின் வாழ்க்கை அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

பழைய கேள்வி, புதிய விதி

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டம் ஒன்றாகலாம், தொழில் முழுவதும் ஒன்றாகாது. பார் கவுன்சில் விதிப்படி, வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. பத்திரிகைக்குக் கட்டுரை எழுதலாம், ஒலிபரப்பில் பேசலாம், அச்சுக்குப் போகும் முன் செய்தியைச் சட்டக் கண்ணோடு சரிபார்த்துத் தரலாம். முழுநேர நிருபராக மட்டும் இருக்க முடியாது. 2024-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கிலும் பார் கவுன்சில் இதையே சொன்னது. ஆக, திருவல்லிக்கேணி ஆறு பேர் நின்ற அதே முச்சந்தியில்தான் ஐந்தாண்டு முடித்த மாணவரும் நிற்கிறார்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அன்று அந்த ஆறு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள், ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொன்னார். இன்று கைபேசி வைத்திருக்கும் எல்லோருமே பத்திரிகை வெளியிடுபவர்கள்தான். 2012-இல் முகநூல் பதிவு ஒன்றுக்காக மகாராஷ்டிரத்தில் இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தக் கைதுக்கு உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்த ஷ்ரேயா சிங்கலும் ஓர் இளம்பெண்தான். 2015-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது.

எனவே வீட்டில் "வக்கீலா, ரிப்போர்ட்டரா?" என்று கேட்டால், ஏதோ ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்லலாம். வக்கீலானால், செய்தி எப்படி உருவாகிறது என்று தெரிந்த வக்கீல். நிருபரானால், எந்த வரி எங்கே போய் நிற்கும் என்று தெரிந்த நிருபர். 1878-இல் அதற்கு ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.