கட்டணம் நீங்கிய கல்வியும் மாத்தளை மாவட்டமும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியின் ஓரத்தில் அலுவிகாரை என்னும் குகைக்கோயில் உள்ளது. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், வாய்வழியாக வழங்கிவந்த பாளி மறைநூல்கள் அங்கே ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. அவ்வடதிசை வழியாகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் வந்திறங்கிய தமிழகத் தொழிலாளர் காடு கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஏடு எழுதப்பட்ட பெருமையும், ஏடறியாது வந்தோரின் துயரமும் ஒரே வழியிற் சந்தித்த மாவட்டம் இது. கல்விக்கு விலை வைப்பதும் அவ்விலையை நீக்குவதும் மாணவர் மனத்தில் எத்தகைய மாறுதலைச் செய்கின்றன என்பதை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைப் பாடசாலைகள் இருவகைப்பட்டன. தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை; ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் உண்டு. அரசாங்க உத்தியோகம், சட்டம், வைத்தியம், 1921 இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி ஆகிய யாவற்றுக்கும் ஆங்கிலமே வாயிலாயிருந்தது. ஆகவே, பல்கலைக்கழகத்துக்குரிய விலையிற் பெரும்பகுதி பல்கலைக்கழகத்திற் பெறப்படவில்லை; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, குழந்தை ஆங்கில வகுப்பில் முதன்முதற் காலடி வைத்த நாளிலேயே பெறப்பட்டுவிட்டது. அதனைக் கொடுக்க இயலாத தந்தை தன் மகனைப் பட்டதாரியாக எண்ணிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். பரீட்சை நடப்பதற்கு முன்னரே தெரிவு முடிந்துவிட்டது. 1942 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் தேதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அங்குப் பயின்றவர் 904 பேர். அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில் அத்தொகை எத்துணைச் சிறியது!

இந்நிலையை மாற்ற முனைந்தவர் அரசாங்க சபையிற் கல்வி அமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டும் என்பது அதன் சாரம். நாட்டின் வருவாய் இச்செலவைத் தாங்குமோ என்று ஐயுற்றோர் பலர்; கட்டணம் பெற்றுவந்த கல்லூரிகளை நடத்தியோரும் எதிர்த்தனர். எனினும், 1945 ஆம் ஆண்டு அக்டோபர் 1 ஆம் தேதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பிள்ளைகளுக்கென 54 மத்திய கல்லூரிகள் எழுந்தன. புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் அங்கே கிடைத்தன. 1952 இல் கலைப் பிரிவு பேராதனைக்கு வந்தபோது, மாத்தளைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையேயிருந்த தொலைவு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றராகக் குறைந்தது. 1880 முதல் மாத்தளையையும் கண்டியையும் இணைத்துவந்த புகைவண்டிப் பாதை அவ்வழியே செல்கின்றது.

ஆயினும், அப்புகைவண்டியில் ஏறிப் பேராதனையில் இறங்கிய மாணவருள் தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கட்டணம் நீங்கியும் அவர்கள் ஏன் வரவில்லை என்பதே வரலாறு கேட்க வேண்டிய வினா.

முதற் காரணம் பாடசாலை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருந்தன. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்பதே அவற்றுட் பலவற்றின் நிலை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டதை அடுத்தே அவை படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. மேலே ஏறப் படி இல்லாத வீட்டில் மாடி இலவசம் என்பதாற் பயன் என்ன?

இரண்டாவது காரணம் குடியுரிமை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. படித்தாற் கிளாக்கர் ஆகலாம், ஆசிரியர் ஆகலாம் என்ற நம்பிக்கையே பிற வீடுகளிற் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியது. அந்நம்பிக்கை இல்லாத லயத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொழுந்துக் கூடையைச் சுமந்தால் வரும் சில்லறையே கண்ணுக்குத் தெரிந்த பயனாயிற்று. அப்பிள்ளை ஈட்டாது விட்ட கூலியே அக்குடும்பத்துக்குக் கல்விக் கட்டணம். எந்தச் சட்டமும் அதனை நீக்கவில்லை. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களாலேயே இந்தக் குடியுரிமைக் குறை தீர்ந்தது.

இலவசக் கல்வி பெற்ற கிராமங்களிலும் எதிர்பார்ப்பு வேறொரு சிக்கலை விளைத்தது. 1960 முதற் பல்கலைக்கழகக் கலைப் பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்பட்டன. பட்டதாரிகள் பெருகினர், அவர்களை ஏற்க உத்தியோகம் பெருகவில்லை. வாயிலைத் திறந்த அரசு அப்பால் ஓர் இருக்கையையும் தரும் என மாணவர் நம்பியிருந்தனர். 1971 ஆம் ஆண்டின் கிளர்ச்சியிற் படித்த கிராம இளைஞர் பலர் சேர்ந்தமைக்கு அந்நம்பிக்கை பொய்த்தமையும் ஒரு காரணமென வரலாற்றாசிரியர் கூறுவர்.

பின்னர் கட்டணம் வேறு வழியில் மீண்டது. 1980களின் தொடக்கத்தில் றாகமையிற் கட்டணம் பெறும் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மாணவரின் கடும் எதிர்ப்புக்குப்பின் 1989 இல் அரசு அதனை ஏற்றது. 1981 இல், வறிய மாணவருக்கு மாதந்தோறும் உதவும் மகாபொல நிதியமும் சட்டத்தால் நிறுவப்பட்டது. இன்று அரச பல்கலைக்கழகங்களிற் கட்டணம் இல்லை. ஆனால், தகுதி பெற்றோரிற் பெரும்பாலோர்க்கு அங்கே இடமும் இல்லை. எஞ்சியோர் பணம் செலுத்தித் தனியார் நிறுவனங்களை நாடுகின்றனர். அங்கே கணினி, கணக்கியல், முகாமைத்துவம் போன்று விரைவில் வருவாய் தருவனவே முன்னிற்கின்றன. வரலாற்றையோ இலக்கியத்தையோ பணம் கொடுத்துப் படிக்கத் துணிவோர் சிலரே. கொடுத்த பணம் திரும்புமா என்ற கேள்வி, இப்பாடம் என் மனத்துக்கு உகந்ததா என்ற கேள்வியை முந்திக்கொள்கின்றது.

இங்கிலாந்தின் அனுபவமும் நோக்கத்தக்கது. அங்கு 1998 இல் ஆயிரம் பவுணாகத் தொடங்கிய ஆண்டுக் கட்டணம் 2006 இல் மூவாயிரமாயிற்று. 2012 இல் ஒன்பதாயிரம் வரை உயர்ந்தது. வேலை கிடைத்தபின் திருப்பிச் செலுத்தும் கடன் இருந்தமையால், பாடசாலையிலிருந்து நேரே வரும் வறிய இளைஞர் அஞ்சப்பட்ட அளவுக்கு விலகவில்லை. ஆனால், தொழில் செய்துகொண்டே பகுதிநேரம் பயில வந்த முதியோரின் தொகை பெரிதும் வீழ்ந்தது. வீட்டுச் சுமை உடையவரையே விலை முதலில் விலக்குகின்றது என்பது அங்கும் மெய்யாயிற்று.

1945 இல் எடுக்கப்பட்ட முடிவு தவறன்று. ஏழையின் மகனும் பட்டதாரி ஆகலாம் என்ற எண்ணத்தை இந்நாட்டில் விதைத்தது அதுவே. ஆயின், அம்முடிவு தாண்டாத எல்லை மாத்தளைத் தோட்டங்களின் வாயிலில் நின்றது. பல்கலைக்கழகத்தின் வாயிலிற் கேட்கும் பணத்தைத் தள்ளுபடி செய்வது எளிது. பிள்ளை ஏழாம் வயதில், லயத்தின் திண்ணையிலிருந்து அவ்வாயிலைக் கற்பனை செய்ய இயலுமாறு செய்வதே அரிது. உயர்தர வகுப்பும், விஞ்ஞான ஆசிரியரும், போக்குவரத்தும், பெற்றோருக்குப் போதிய கூலியும் சேர்ந்தாலன்றி அக்கற்பனை முளைவிடாது. கன்னங்கரா தொடங்கிய பணியில் எஞ்சி நிற்கும் பகுதி அதுவே.