கோட்டு போட்ட கலகம்

ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் காலனி முனைகளில் அண்ணல் அம்பேத்கர் நீலக் கோட்டோடு நிற்கிறார். சில ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அவர் காலடியில்தான் இறங்குகிறார்கள். இந்த வாரக் கதையை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் கோட்டுக்கு நேரெதிரான கிழிசலும் ஒரு காலத்தில் கலகமாக இருந்தது. 1976இல் லண்டனில் பங்க் ராக் வெடித்தபோது, இளைஞர்கள் சட்டையைக் கிழித்து, கிழிசலில் ஊக்கு குத்திக்கொண்டு மேடையேறினார்கள். சங்கீதம் படித்தவன்தான் பாட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நிறவெறியை எதிர்த்து 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கமும் அதே ஆண்டில் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்த கூட்டம், விக்டோரியா பூங்காவில் 'தி கிளாஷ்' குழுவின் கிட்டாரையும், கறுப்பின இளைஞர்களின் 'ஸ்டீல் பல்ஸ்' ரெகேயையும் ஒரே மேடையில் கேட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து நம் முறை வந்தது. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் பெய்ன் பள்ளி மைதானம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. கானா, ராப், ராக் என்று பத்தொன்பது பேர். கிழிந்த சட்டை ஒன்றுகூட இல்லை, கோட்டு சூட்டோடு வந்தார்கள். மேல்துண்டு போடவும் செருப்புப் போட்டு நடக்கவும் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிழிசல் எப்படிக் கலகமாகும்?

குழுவின் பெயரும் நேற்று வைத்ததல்ல. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்தது.

என்னை அசைத்தது அந்த மேடையில் ஒலித்த மோளம். கானா, வடசென்னைச் சாவு வீடுகளில் இரவெல்லாம் பிணத்தருகே பாடப்பட்ட பாட்டு. கட்ட மோளம், சட்டி, பறை எல்லாம் கிட்டாருக்குப் பக்கத்தில் சரிசமமாக நின்றன. கிட்டாருக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாகப் பறையை வைக்கவில்லை. தாத்தா சாவில் விடிய விடியக் கேட்ட அடியை, மைக் வைத்த மேடையில் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நமக்குப் பக்கத்து ஊரான அரக்கோணத்திலிருந்து வந்த பாடகர் அறிவு, இட ஒதுக்கீட்டைப் பற்றி ராப் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் பேரன் அவர்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒரே பெண் இசைவாணி. ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவுக்குள் புகுந்தவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சபரிமலைக் கோயிலில் பெண்கள் நுழையும் உரிமை பற்றிய விவாதம் எரிந்துகொண்டிருந்த 2018இல் அவர் பாடியது 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாட்டைத் தோண்டியெடுத்து அவர்மேல் போலீசில் புகார் கொடுத்தார்கள், மிரட்டல்களும் வந்தன. நம் பக்கமும் அப்போதுதான் ஒரு போராட்டத்தைக் கடந்து வந்திருந்தது: சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தத்தை முடித்து வேலைக்குத் திரும்பி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

(தொடரும்)