நீர் எட்டும் தூரம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில் கரிசல் நிலத்தைக் கண்டவர்கள், இங்கே நீருக்கென்று ஒரு வரலாறு உண்டா என ஐயுறக்கூடும். உண்டு. நீர் அருகிய நாட்டில்தான், அது எவ்வளவு தூரம் எட்டவேண்டும் என்னும் கணக்கு நுட்பமாக வளர்கிறது.

நம் கண்மாய்களின் குமிழி மடையைப் பாருங்கள். கரைக்கு உட்புறம், நீரினுள்ளே, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் துளையிட்ட பலகைக்கல். துளைக்கு ஓர் அடைப்பு. மூழ்கத் தெரிந்தவர் உள்ளே இறங்கி அடைப்பை நீக்கினால், கரையின் அடியில் ஓடும் சுருங்கை வழியே நீர் வயலை அடையும். பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலேயே குமிழி என்ற சொல் வழங்குகிறது. தலைமையாசிரியராக இருந்த காலத்தில், கண்மாய் வற்றிய கோடையில் மாணவர்களை அழைத்துச் சென்று அந்தத் துளையைக் காட்டுவேன். அதை எப்போது திறப்பது, கடைமடைக்கு நீர் எட்டும்வரை எத்தனை நாழிகை விடுவது என்பதெல்லாம் ஊரார் கூடிச் செய்த முடிவு. தனி ஒருவர் கை அங்கே செல்லாது.

கமலை போய்ப் பம்புசெட்டு வந்த பின் அந்தக் கட்டு தளர்ந்தது. இன்று பல புன்செய்களில் தெளிப்பான் சுழல்கிறது. அதன் பிறப்பு வெகு தொலைவில். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் கிளெண்டோராவில், ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்ற பழத்தோட்டக்காரர் 1933-இல் இதைச் சமைத்தார். 1935-இல் காப்புரிமை பெற்றார். பீறிடும் நீர், சுருள்வில் பூட்டிய ஒரு கையைத் தள்ளும். வில் அதை மீட்கும். மீண்டு வந்த கை மோத, நாசில் சிறிதே திரும்பும். அந்த டக்டக் ஓசை நம் காட்டிலும் இப்போது பழகிவிட்டது. 2015-இல் தொடங்கிய மத்திய நீர்ப்பாசனத் திட்டமும், சிறு குறு உழவர்க்குத் தமிழக அரசு வகுத்த முழு மானியமும் அதைப் பரப்பின.

பலர் பிசகுவது தூரத்தை அமைப்பதிலேதான். நீர் வரப்பைத் தாண்டினால் உடனே வால்வைக் குறைக்கிறார்கள். அழுத்தம் விழுந்தால் தூரம் குறையும், மெய்தான். ஆனால் துளி பெருத்து, வட்டத்தின் ஓரத்தில் மட்டும் வளையமாய் விழும். கரிசலின் மேல்மண் அடிபட்டு இறுகும். கையும் சரிவர அசையாது. முதலில் தெளிப்பானுக்கு உரிய அழுத்தத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகே, பீற்றலுக்கு எதிரே உள்ள திருகாணியை மெல்ல இறக்க வேண்டும். அது நீரைக் கிழித்து அருகிலேயே விழச் செய்யும். சில வகைகளில் திருகாணிக்குப் பதிலாக ஒரு சிறு தகடு இருக்கும். எதுவாயினும், தூரத்தில் கால்பங்குக்கு மேல் குறைக்க நேர்ந்தால் நாசிலையே மாற்றுவது நன்று. மிகுதியாய்க் கிழிபட்ட நீர் புகையாகிவிடும்.

புகை எங்கே போகும்? ஆடிக்காற்றைக் கேளுங்கள்! நண்பகலில் நம் சீமையில் அது பக்கத்துக் காட்டுக்கே போகும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது ஓட்டுவதே முறை. பொருளியல் பேசுவோர் இதை அற்ப விஷயம் என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஆழ்துளைக் கிணறு ஒருவருடையது. அடியில் ஊறும் நீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் பொது. உவர்நீர் ஏறிய கிணறாயின் தெளிப்பானே வேண்டாம். உப்பு இலைமேல் படிந்து கருக்கும். அங்கே சொட்டுநீர்தான் ஏற்றது.

ஒரு தெளிப்பானின் துளி அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்ட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டுவிட்டு, திருகாணியை இறக்கி எட்டு மீட்டரோடு நிறுத்தினால், நடுவே நிலக்கடலை திட்டுத்திட்டாய் வாடி நிற்கும்.