ஓர் அடிக்கோட்டின் சரித்திரம்

விஞ்ஞானப் படங்களைத் திரையில் விரித்துக் காட்டும் மென்பொருளொன்றில், அதை இயற்றியவர் கனவிலும் கருதாத ஒரு காரியத்தை, அதைக் கையாளும் ஆராய்ச்சியாளரே மெனுவில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் எங்ஙனம் வேரூன்றிற்று என்று விசாரிக்கப் புகுந்தால், அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், தேசிய சுகாதார நிலையத்தில் உத்தியோகம் பார்த்த வேய்ன் ராஸ்பாண்டிடம் வந்து சேருவோம். 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்கென்று அவர் எழுதத் தொடங்கிய ‘என்.ஐ.எச். இமேஜ்’, நுண்ணோக்கிப் படங்களை அளக்க உதவியதோடு, மேக்ரோ எனப்படும் சிறு கட்டளைத் தொகுப்புகளைப் பயனாளர் எழுதிச் சேர்க்கவும் இடங்கொடுத்தது. ஆயினும் மேக்கின்டாஷ் இல்லாதவருக்கு அதனால் பிரயோஜனமில்லை. 1997-இல், பலவகைக் கணினிகளிலும் ஓடக்கூடிய ஜாவா மொழியில் ‘இமேஜ்ஜே’ பிறந்தது.

இதில் அவர் செய்த ஏற்பாடு பார்வைக்கு அற்பமானது. ஜாவாவில் ஒரு சிறு நிரல் எழுதி, ‘பிளகின்ஸ்’ என்ற கோப்புறையில் போட்டு, அதன் பெயரில் எங்கேனும் ஓர் அடிக்கோடு இருக்குமாறு பார்த்துக்கொண்டால், மறுமுறை மென்பொருளைத் திறக்கையில், அதே பெயர் கொண்ட மெனுவில் அந்நிரல் வந்து உட்கார்ந்திருக்கும். ‘செல்_எண்ணி’ என்று கோப்புக்குப் பெயரிட்டால், அடிக்கோடு இடைவெளியாக மாறி, ‘செல் எண்ணி’ என்று தோன்றும். அடிக்கோட்டை மறந்தவரோ, தம் நிரல் எங்கே மாயமாயிற்று என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேறு மெனுவில் இடம் வேண்டுமானால், ‘பிளகின்ஸ்.கான்ஃபிக்’ என்னும் சிறு கோப்பில் ஒரு வரி எழுதி, நிரலோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிவிட வேண்டும்.

ராஸ்பாண்டைப் போன்ற மத்திய அரசாங்க ஊழியர் உத்தியோக முறையில் இயற்றுவதற்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாதாகையால், இமேஜ்ஜே பொதுச் சொத்தாகவே வெளிவந்தது; திருத்துவதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுதந்திரமும் அடிக்கோட்டு விதியும் சேர்ந்தே அதன் ஆயுளை நீட்டித்தன என்பதும், அதிலுள்ள கணித நுட்பங்களுக்குக்கூட அந்தப் புகழில் இரண்டாவது பங்குதான் என்பதும் என் துணிபு. 2007-இல் தோன்றிய ‘ஃபிஜி’, பிளகின்கள் எனப்படும் இத்தகைய சிறு நிரல்களில் பலர் எழுதியவற்றைத் திரட்டி, இமேஜ்ஜேயுடன் ஒரே கட்டாகக் கொடுத்தது.

வந்தவருக்கெல்லாம் இடங்கொடுத்த மெனு பெருத்துப்போனதையும் சொல்லத்தான் வேண்டும். மெனுவுக்குள் மெனுவாகத் தேடிக் கண் சலித்தவர்களுக்காக, பின்னாளில் ஏவல்களைத் தேடித் தரும் சாளரம் ஒன்று சேர்க்கப்பட்டது. இமேஜ்ஜேயில் ‘எல்’ விசையை அழுத்தி, பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால், மெனுவைத் திறக்காமலே வேண்டியது கிடைத்துவிடும்.