மாறன் காரியா, காரி மாறனா?

நான் கோச்சடைன்னு ஊர்ப்பேரைச் சொன்னாலே வெளியூர் நண்பர்கள் "ரஜினி படமா?"ன்னு கேக்குறாங்க. படம் வந்தது 2014-ல. 8-ஆம் நூற்றாண்டிலேயே கோச்சடையன் ரணதீரன்னு ஒரு பாண்டிய ராஜா மதுரையில இருந்திருக்கார். கோ-ன்னா அரசன், சடையன்ங்கிறது பட்டப்பேர். பாண்டியர்கள் மாறன், சடையன்னு இந்த ரெண்டு பட்டத்தையும் மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டாங்க. அதனால எந்த மாறன், எந்த சடையன்னு பிரிக்கிறதே வரலாற்றுக்காரங்களுக்குப் பெரிய வேலை.

ராஜாவை விடுங்க. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த ரணதீரனோட பேரன் நெடுஞ்சடையன்கிட்ட இருந்த ஒரு மந்திரியைப் பத்தி.

மதுரையில இருந்து மேலூர் போற வழியில ஒத்தக்கடை. அங்க படுத்த யானை மாதிரி ஒரு மலை, ஆனைமலை. அதோட அடிவாரத்துல, நரசிங்கம் ஊர்ல, பாறையைக் குடைஞ்சு ஒரு நரசிங்கப் பெருமாள் கோயில். குடைஞ்சது யாருன்னு அங்கேயே கல்வெட்டு இருக்கு. ஒண்ணு கிரந்த எழுத்துல சமஸ்கிருதம், இன்னொண்ணு வட்டெழுத்துல தமிழ். ஆள் பேர் மாறன் காரி. கரவந்தபுரத்துக்காரர், வைத்தியர் குடும்பம், ராஜாவோட உத்தரமந்திரி. அவருக்கு மதுரகவின்னு ஒரு பேரும் இருந்தது. (மதுரைக்கவி இல்ல. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம்னு கவிஞர்களை நாலு வகையாச் சொல்வாங்களே, அந்த மதுரம்.) வருஷமும் போட்டிருக்கு: கலி 3871, அதாவது கி.பி. 770.

இங்கதான் சிக்கல். நம்மாழ்வாரோட பேர் மாறன், அவரோட அப்பா பேர் காரி. சீடர் பேர் மதுரகவி ஆழ்வார். மூணு பேருமே பாண்டிய நாடு, மூணு பேருமே வைணவம். வைணவ மரபு நம்மாழ்வார் பிறந்ததைக் கலியுகத்தோட 43-ஆவது நாள்னு சொல்லுது. அதை வெச்சு வரலாறு எழுத முடியாது. அப்படித் தவிச்சுக்கிட்டிருந்த ஆய்வாளர்களுக்கு, வருஷத்தோட ஒரு 'காரி', அதுவும் மதுரகவி, கல்லுலயே கிடைச்சா எப்படி இருக்கும்? இவர்தான் ஆழ்வாரோட அப்பான்னு சிலர், இல்ல இவரேதான் மதுரகவி ஆழ்வார்னு சிலர். ஒரு மந்திரியோட பேரை வெச்சு திருவாய்மொழியோட காலத்தையே கணக்குப் போட்டாங்க.

தூண்டுற கணக்குதான், ஒத்துக்கிறேன். நம்ம வழக்கப்படி அப்பா பேர் முன்னாடி வரும். இன்னைக்கு அட்டெண்டன்ஸ்ல எழுதினா மந்திரி மா. காரி, ஆழ்வார் கா. மாறன். பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிறது நம்ம பழக்கம். 'பேரன்'ங்கிற சொல்லே அதுல வந்ததுதான். அப்ப மா. காரியோட பையன் கா. மாறன்தானே?

ஆனா ஆழ்வாரோட தாத்தா பேரை மரபு பொற்காரின்னு சொல்லுது, மாறன்னு இல்ல. குடும்பம் தாமிரபரணிக் கரையில குருகூர், அதாவது இன்னைக்கு ஆழ்வார்திருநகரி. மதுரகவி ஆழ்வார் பக்கத்துல திருக்கோளூர். அவர் ராஜா சேவையில இருந்ததா மரபு சொல்லல. நம்மாழ்வாருக்கு அப்புறமும் வாழ்ந்து, குருவோட பாட்டைப் பரப்பினவர்னுதான் சொல்லுது. என்னைக் கேட்டா இது மூணு குடும்பம், மூணு வேற ஆள். மாறனும் காரியும் அந்தக் காலத்து குமார், செந்தில் மாதிரி.

எனக்கு வருத்தம் என்னன்னா, இந்தக் குழப்பத்துல மந்திரி காணாமப் போயிட்டார். புத்தகத்துல அவர் வர்றதே 'ஆழ்வாரோட அப்பாவா இருக்கலாம்'னுதான். தமிழ்க் கல்வெட்டு அவரைப் பத்தி வேற ஒண்ணு சொல்லுது. கோயிலைக் குடைஞ்சு முடிச்சவர், குடமுழுக்குக்கு முன்னாடியே செத்துப்போனார். அப்புறம் அவரோட தம்பி மாறன் எயினன் உத்தரமந்திரி ஆகி, முகமண்டபம் கட்டி, குடமுழுக்கையும் நடத்தி முடிச்சார். அண்ணன் செஞ்சது இது, நான் செஞ்சது இதுன்னு கல்லுல தனித்தனியாப் பிரிச்சே எழுதி வெச்சிருக்காங்க.